மலைக்குப் போனவர் எந்த மலைக்குப் போனார்?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் மார்கழி மாதச் சந்திப்பில், மூத்த குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டிதழில் வெளியிடுகிறோம்.)



போகிக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. நம்மில் பல பேர் பரணைச் சுத்தம் செய்யத் தொடங்கியிருப்போம். அதனால்தான் இந்தப் பேச்சை இந்த மாதமே வைத்துக்கொள்ளலாம் என்று செயலாளரிடம் கேட்டுக்கொண்டேன். பழைய பேப்பர்காரரை வரச் சொல்லும் முன் நீங்கள் இதைக் கேட்டுவிட வேண்டும்.

நான் முப்பத்தைந்து வருடம் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவள். முகவரி சரியில்லாத கடிதத்தைக் கண்டால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் வீட்டிலேயே முகவரி இல்லாத ஒரு மனிதர் இருந்தார். என் அம்மாச்சியின் அண்ணன். அவரைத் தேடிய கதையையும், அதில் நான் செய்த ஒரு பெரிய தவறையும், அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய சில வழிகளையும் சொல்கிறேன்.

விரிக்காத இலை

எங்கள் பூர்வீகம் போடிநாயக்கனூர்ப் பக்கம். ஆடி அமாவாசை அன்று அம்மாச்சி இறந்தவர்களுக்கு இலை போடுவாள். அவளுடைய அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, எங்கள் தாத்தாவுக்கு ஒன்று. நாலாவதாக ஓர் இலையைச் சுருட்டியபடியே ஓரத்தில் வைப்பாள். விரிக்க மாட்டாள், சோறும் வைக்க மாட்டாள்.

சின்ன வயதில் ஏன் என்று கேட்டேன். "அது எங்கண்ணனுக்கு. மலைக்குப் போனவன் வரலை. உசுரோட இருக்கிறவனுக்கு இலை போட்டா அவனுக்கு ஆகாது. செத்திருந்தா போடாம விட்டா எனக்கு ஆகாது. நான் என்ன செய்ய?" என்றாள்.

1994ல் அவள் காலமாகும் வரை அந்த இலை சுருண்டேதான் இருந்தது. வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: அவர் கங்காணியோடு கண்டிச்சீமைக்குப் போனார், அங்கே தேயிலைத் தோட்டத்தில் இருந்திருப்பார், அவ்வளவுதான்.

வேலையில் இருந்தவரை எனக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. ஓய்வு பெற்ற பிறகு இங்கே குடிவந்தேன். நம் குடியிருப்பில் ஒருவரின் மருமகள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்தவர். ஒரு விடுமுறைக்கு வந்தபோது தன் குடும்ப மரத்தை எனக்குக் காட்டினார். அவருடைய முன்னோர் 1600களில் ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டருக்குக் குடியேறியவர்கள். பிறகு அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியவர்கள். இரண்டு முறை ஊர் விட்டு ஊர் போன குடும்பம். ஆனாலும் ஆறு தலைமுறைக்குப் பெயர், ஊர், பிறந்த வருடம் எல்லாம் வைத்திருந்தார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். "உங்கள் நாட்டில் பதிவேடெல்லாம் பத்திரமாக இருக்கும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். 1922ல் டப்ளினில் நடந்த சண்டையில் ஆவணக் காப்பகமே தீப்பிடித்து எரிந்ததாம். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களும் பல தேவாலயப் பதிவேடுகளும் சாம்பலாகிவிட்டன. அப்படியானால் எப்படித் தேடினீர்கள் என்று கேட்டேன்.

"புறப்பட்ட ஊரில் தேடவில்லை. போய்ச் சேர்ந்த ஊரில் தேடினோம்" என்றார். மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 1853 முதல் இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம், குடியேறி எத்தனை வருடம் ஆயிற்று, யாரை மணந்தார், பிள்ளைகள் யார் யார் என்றெல்லாம் எழுத வேண்டுமாம். ஒருவர் செத்த காகிதத்தை வைத்து அவர் பிறந்த ஊரைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இந்த ஒரு வழியைப் பிடித்துக்கொண்டுதான் நான் இறங்கினேன்.

பட்டியலில் போனவரும் கங்காணியோடு போனவரும்

நம் ஊர்களிலிருந்து கடல் கடந்து போனவர்கள் இரண்டு விதமாகப் போனார்கள். எந்த விதம் என்று தெரிந்துகொண்டால் பாதித் தேடல் முடிந்த மாதிரி.

மொரிஷியஸ், தென்னாப்பிரிக்காவின் நாட்டால், பிஜி போன்ற இடங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் முதல் வகை. நாட்டாலுக்கு மட்டும் 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். முதல் கப்பலே சென்னையிலிருந்து போனதுதான். இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, கிராமம், ஜில்லா, சாதி, உடம்பில் உள்ள அடையாளம் வரை எழுதியிருப்பார்கள். மொரிஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தப் பதிவேடுகள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் யாராவது அங்கே போயிருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் பெயரை மட்டும் நம் காதால் தேடக் கூடாது. எழுதியவர் வெள்ளைக்கார எழுத்தர். அவர் காதில் விழுந்தபடி கவுண்டர் 'கோவெண்டர்' ஆகியிருப்பார், முதலியார் 'மூட்லி' ஆகியிருப்பார்.

இலங்கைக்குப் போனவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. ஊருக்கு வந்த கங்காணி முன்பணம் கொடுத்து, சொந்தக்காரர்களையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டமாகக் கூட்டிப் போவார். தனித்தனி ஒப்பந்தம் கிடையாது. ஆகவே அந்த மாதிரி முழுமையான பட்டியலும் கிடையாது. கடன் கங்காணியின் கணக்கில் இருக்கும், ஆளின் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் இருக்கும். தோட்டம் கைமாறினால் அந்தச் செக்ரோல் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் இலங்கைக்குப் போனவர்களைத் தேட வேறொரு வழி இருக்கிறது. அது நல்ல எண்ணத்தில் உண்டான வழியல்ல. 1948ல் இலங்கை குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பனோ, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் காட்ட முடியாத பல லட்சம் தோட்டத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அதன் விளைவாக அங்கே பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பிறந்த இடம் மட்டுமல்ல, பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த வருடம், இடம் என்று தனிப் பத்தியே இருக்கிறது. மக்களைத் தள்ளிவைத்த சட்டத்தின் தடயம், இன்றைக்கு வேர் தேடுகிறவர்களுக்கு உதவுகிறது.

1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதாகவும், மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்ப்பதாகவும் முடிவு செய்தார்கள். 1974ல் அந்த மீதியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதர்களைப் பாகப்பிரிவினை செய்த கணக்கு இது. இந்தியாவுக்கு வந்தவர்கள் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது பூர்வீக ஊரை எழுத வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையில் வீட்டில் உள்ளோர் எல்லோர் பெயரும் இருக்கும். நீலகிரியிலும் கொடைக்கானல் மலைப்பக்கத்திலும் தாயகம் திரும்பியோர் வீடுகளில் இந்த அட்டையை இன்றும் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

நான் செய்த தவறு

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு இலங்கையில் தேடத் தொடங்கினேன். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலமாக, ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒருவர் கிடைத்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவருடைய தாத்தா போடியிலிருந்து கங்காணியோடு வந்தவர். தாத்தாவின் பெயரும் எங்கள் அம்மாச்சியின் அண்ணன் பெயரும் ஒன்று. அந்தத் தாத்தாவின் தகப்பன் பெயரும் ஒத்துப்போனது.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. போனிலேயே அழுதேன். முறை பார்த்தால் அவர் எனக்கு அண்ணன். "அண்ணே" என்று கூப்பிட்டேன். அவர் "தங்கச்சி, எங்களைத் தேடி இந்தியாவிலிருந்து ஒரு ஆள் வரும்னு எங்க அப்பா சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றார். அம்மாச்சியின் படத்தை அனுப்பினேன். அவர் அதற்குச் சட்டம் போட்டு மாலை சாத்தி வைத்தார். அவர் பேத்தி சடங்குக்கு நான் இங்கிருந்து சேலை எடுத்து அனுப்பினேன்.

நாலு மாதம் கழித்து, குடும்ப மரத்தை ஒழுங்காக எழுதலாம் என்று அவருடைய பிறப்புச் சான்றிதழின் படத்தைக் கேட்டேன். அனுப்பினார். அதில் அவருடைய தகப்பனார் 1931ல் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்ததாக இருந்தது.

எங்கள் அம்மாச்சியின் அண்ணன் அம்மாச்சிக்கு ஐந்து வயது மூத்தவர். 1920 வாக்கில் பிறந்தவர். 1931ல் அவருக்குப் பதினோரு வயது. பதினோரு வயதுப் பையனுக்கு ஹட்டனில் எப்படிப் பிள்ளை பிறக்கும்?

பெயர் ஒன்று, ஊர் ஒன்று, தகப்பன் பெயரும் ஒன்று. ஆனால் ஆள் வேறு. நம் பக்கத்தில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். குலசாமி பெயரை வீட்டுக்கு ஒருவருக்கு வைக்கிறோம். ஒரே ஊரில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், அதில் இரண்டு பேருக்கு இன்ஷியலும் ஒன்றாக இருக்கும். அதை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆசைதான் அவசரப்படுத்திவிட்டது.

இரண்டு வாரம் நான் அவருக்குப் போன் செய்யவில்லை. பிறகு சொல்லித்தான் தீர வேண்டும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அண்ணன்னு கூப்பிட்டாச்சு, இனி அதை எப்படித் திருப்பி எடுக்கிறது? நீ தங்கச்சியாவே இரு. ஆனா எங்க தாத்தா ஊரையும் தேடிக் குடு" என்றார். அந்தக் கடன் எனக்கு இன்னும் இருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பெயர் பொருந்தியதும் உறவு கொண்டாடிவிடாதீர்கள். உங்களுக்கு அது ஒரு தகவல். எதிரில் இருப்பவருக்கு அது மூன்று தலைமுறை ஏக்கம்.

பிரமாதி வருடம் ஐப்பசி

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை அம்மாச்சி சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன். அவள் எப்போதும் சொல்வாள்: "பிரமாதி வருசம், ஐப்பசி, தீபாவளிக்கு முந்தி, எங்கம்மா தண்டட்டியை அடகு வெச்சுட்டு மலைக்குப் போனான்."

இதைச் சொல்லிச் சொல்லிக் கேட்டிருந்தும் நான் ஒரு முறைகூடக் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. தமிழ் வருடம் அறுபதுக்கு ஒரு முறை திரும்பி வரும். பிரமாதி என்றால் 1879, 1939, 1999. நமக்குப் பொருந்துவது 1939 மட்டும்தான். ஐப்பசி என்றால் அக்டோபர், நவம்பர்.

அந்த வருடத்தை ஏற்கெனவே எங்கோ படித்திருக்கிறோமே என்று தோன்றியது. குறிப்பு நோட்டைப் புரட்டினேன். இலங்கையில் இந்தியர்களுக்கு எதிராக எடுத்த நடவடிக்கைகளுக்குப் பதிலாக, புதிதாகக் கூலி வேலைக்கு யாரும் இலங்கை போகக் கூடாது என்று இந்திய அரசு தடை போட்டது. தடை அமலுக்கு வந்த நாள் 1939 ஆகஸ்ட் 1.

ஆக, அவர் புறப்பட்டபோது வாசல் அடைத்து மூன்று மாதம் ஆகப்போகிறது. போடியில் ரயிலேறி மதுரை வந்து மண்டபம் போயிருந்தாலும், அங்கே முகாமிலிருந்து திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவர் கண்டிக்குப் போயிருக்கவே முடியாது.

அப்படியென்றால் அம்மாச்சி சொன்ன 'மலை' எது?

போடிக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று மேற்கே பார்த்தால் தெரிவதும் மலைதான். போடிமெட்டு. இன்றைக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் கேரளம். அந்தக் காலத்தில் அது திருவிதாங்கூர் சமஸ்தானம். மேலே பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்கள். விடியக்காலையில் போடியிலிருந்து தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இன்றைக்கும் அந்தத் தோட்டங்களுக்குத்தான் ஏறுகின்றன. நாங்கள் கடல் தாண்டித் தேடிக்கொண்டிருந்தோம். கண்ணுக்கு எதிரே இருந்த மலையை யாரும் நினைக்கவில்லை.

அடிபடாத மொய்

சந்தேகம் வந்தால் போதுமா? ஆதாரம் வேண்டும். அது எங்கே கிடைத்தது தெரியுமா? மொய் நோட்டில்.

அம்மாச்சியின் தங்கைக்கு 1951ல் கல்யாணம். அந்தக் கல்யாணத்து மொய் நோட்டு என் சித்தி வீட்டுப் பரணில் இருந்தது. வீடு மாற்றுவதற்காக எல்லாவற்றையும் எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்தார்கள். நான் போனது அந்த வாரம்.

நம் பக்கத்தில் மொய் நோட்டு என்றால் வெறும் வரவுக் கணக்கு இல்லை. ஊர், பெயர், தொகை என்று வரிசையாக இருக்கும். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் திருப்பிச் செய்ததும் அந்த வரியை அடித்துவிடுவோம். அந்த நோட்டில் ஏறக்குறைய எல்லா வரியும் அடிபட்டிருந்தது. எல்லோரும் எட்டணா, ஒரு ரூபாய் எழுதியிருந்த இடத்தில் ஒரே ஒரு வரி: ஊர், பூப்பாறை. அதே பெயர். ஐந்து ரூபாய். அந்த வரி மட்டும் அடிபடவில்லை. பூப்பாறையில் நமக்கு யார் இருக்கிறார்கள், யாரோ தெரிந்தவர் கொடுத்தனுப்பியிருப்பார் என்று விட்டிருக்கிறார்கள். அம்மாச்சிக்குப் படிக்கத் தெரியாது.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, போடியில் மாறி, பூப்பாறை போனேன். இந்த முறை நான் கற்றுக்கொண்ட பாடப்படி நடந்தேன். பெயரைச் சொல்லவில்லை, கதையைச் சொல்லவில்லை. "போடிப் பக்கமிருந்து சண்டைக் காலத்துல வந்து ஏலத்தோட்டத்துல இருந்தவங்க வீடு ஏதாச்சும் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். தோட்டத் தமிழர்கள் கும்பிடும் மாரியம்மன் கோயிலில் வரி நோட்டு வைத்திருந்தவர் மூன்று வீடுகளைச் சொன்னார். முதல் முறை போனதில் பலனில்லை. இரண்டாம் முறை போனபோது மூன்றாவது வீட்டில் எண்பதை நெருங்கும் ஓர் அம்மா இருந்தார்.

அவர் பெயரைக் கேட்டேன். என் அம்மாச்சியின் பெயரைச் சொன்னார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. "உங்கப்பா எப்படி இந்த மலைக்கு வந்தாரு?" என்று கேட்டேன். அவர் தானாகச் சொன்னார்: "கண்டிக்குன்னுதான் கிளம்புனாராம். மண்டபத்துல கப்பல் இல்லைன்னு திருப்பிட்டாங்களாம். அவங்கம்மா காதுல கிடந்ததை அடகு வெச்ச காசு வழிச்செலவுலயே கரைஞ்சுபோச்சு. அம்மா மூளிக்காதோட நிக்கையில எந்த முகத்தோட வீட்டுப்படி ஏறன்னு நேரா இங்க வந்துட்டாரு. மீட்டுக்கிட்டுத்தான் இறங்குவேன்னாரு. அதுக்குள்ள அவங்கம்மா செத்துப்போனாங்க. அப்புறம் இறங்கவேயில்லை. என்னைய அவரு தங்கச்சி பேரச் சொல்லித்தான் கூப்பிடணும்னு பேரு வெச்சாரு."

அவர் எனக்கு அத்தை முறை. அத்தை கொல்லைப்புறத்து ஏலச்செடிகளைக் காட்டி, சிவராத்திரி அன்று அப்பா போடிமெட்டு வரை நடந்துபோய், கீழே தெரியும் போடியைப் பார்த்துக் குலசாமியைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவார் என்றும் சொன்னார். அவர் 1971 தை மாதம் இறந்திருக்கிறார். அத்தை வாரம் தவறாமல் சாமான் வாங்கப் போடிக்கு இறங்கி வருகிறவர். ஐம்பது வருடமாக நானும் அவரும் அதே பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறோம்.

அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் கேட்டுக்கொண்டதால் பெயர்களை இங்கே நான் சொல்லவில்லை. அது அவர்கள் உரிமை.

கல்லறை உள்ளவர்களும் இல்லாதவர்களும்

ஒன்றை நினைத்துப் பார்க்கிறேன். பூப்பாறையிலிருந்து மூணாறு பக்கம்தான். மூணாறு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைய. 1877ல் அந்த மலையைப் பூஞ்சாறு அரசரிடமிருந்து குத்தகைக்கு வாங்கியவர் ஜான் டேனியல் மன்றோ. பிறகு வந்த ஃபின்லே கம்பெனி கிளாஸ்கோவைச் சேர்ந்தது. அங்குள்ள தேவாலயத்துக்கு மேலே ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. 1894ல் காலராவில் இறந்த ஓர் இளம் ஆங்கிலேயப் பெண்ணின் கல்லறையும் அதில் இருக்கிறது. பெயரும் தேதியும் கல்லில் வெட்டியிருக்கிறது. கொள்ளுப்பேரப் பிள்ளைகள் சீமையிலிருந்து வந்தாலும் நேராகப் போய் நின்று பார்த்துவிடலாம்.

அதே மலையில் ஏலமும் தேயிலையும் நட்டவர்களுக்குக் கல் கிடையாது. எங்கள் பெரியவரை அடக்கம் செய்த இடத்தில் இப்போது ஏலம் நிற்கிறது. அவருக்கு இருந்த ஒரே எழுத்து, ஒரு மொய் நோட்டின் அடிபடாத வரி. அதுவும் அந்த வாரம் எடைக்குப் போயிருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலில், போகிக்கு எதையும் எரிக்கும் முன் பாருங்கள். மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பாகப்பிரிவினைப் பத்திரம், வாரிசுச் சான்று, பழைய ரேஷன் கார்டு, பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ், ஜாதகம், மணியார்டர் ரசீது. பாகப்பிரிவினைப் பத்திரம் என்பது சட்டப்படி எழுதிய குடும்ப மரம். அதைவிட நல்ல ஆதாரம் நமக்கு இல்லை.

இரண்டாவது, பெரியவர்கள் சொல்லும் காலத்தை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். பிறகு கணக்குப் போடுங்கள். தாது வருடப் பஞ்சம் என்றால் 1876ல் தொடங்கியது. கேரள எல்லைப் பக்கத்துக்காரர்கள் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்பார்கள். அது கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924 ஜூலை. கொல்லம் ஆண்டோடு 825 கூட்டுங்கள், ஆவணி முதல் மார்கழி வரை என்றால் 824 கூட்டினால் போதும். தனுஷ்கோடிப் புயல் என்றால் 1964 டிசம்பர்.

மூன்றாவது, எந்த அரசின் காகிதம் என்று பாருங்கள். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 முதல் கேரளத்தில் இருக்கின்றன. அதற்கு முன் திருவிதாங்கூர் - கொச்சி, அதற்கும் முன் திருவிதாங்கூர். இடுக்கி மாவட்டம் உருவானதே 1972ல்தான். நம் பக்கத்துப் பழைய அரசு ஆவணங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. நிலம் இருந்தால் வில்லங்கச் சான்றும் பழைய பத்திரப் பதிவும் கைகொடுக்கும்.

நான்காவது, பெயர் ஒன்று போதாது. குறைந்தது மூன்று பொருத்தம் வேண்டும். ஒன்று பெயர், இன்னொன்று காலம், மூன்றாவது இரண்டு வீட்டிலும் தனித்தனியாகச் சொல்லப்படும் ஒரு சேதி. அந்தச் சேதியை நீங்கள் முதலில் சொல்லிவிடக் கூடாது. எங்களுக்கு அது தண்டட்டி. குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டு இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது, உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, அடையாள எண், வீட்டு முகவரி இவற்றை நம் வாட்ஸ்அப் குழுவிலோ வேறெங்குமோ போடாதீர்கள். யாராவது ஊரை விட்டுப் போனதற்குக் கடன், காதல், சண்டை என்று ஏதாவது காரணம் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் தெரிந்துகொண்டால் போதும்.

ஆறாவதாக ஒன்று, இதற்குக் காகிதமே வேண்டாம். நம் குடியிருப்பில் எண்பது வயதைக் கடந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, "உங்க வீட்டுல ஊரை விட்டுப் போனது யாரு? திரும்பி வராதது யாரு?" என்று கேட்கச் சொல்லுங்கள். இரண்டே கேள்விதான். பொங்கல் விடுமுறையில் ஒரு மதியம் போதும். எழுதியதை வாசிக்கவோ ஆண்டு கணக்குப் போடவோ உதவி வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சங்க அறையில் இருப்பேன். தயங்காமல் வாருங்கள்.

போன ஆடி அமாவாசைக்கு அத்தையும் வந்திருந்தார். மலையிலிருந்து ஒரு பொட்டலம் ஏலக்காய் கொண்டுவந்திருந்தார். படையலுக்கு வைத்த பாயசத்தில் அதைத்தான் தட்டிப் போட்டோம். நாலு இலை போட்டோம். இல்லை, அம்மாச்சிக்கும் சேர்த்து ஐந்து. நாலாவது இலையை அத்தைதான் விரித்தார்.

அந்த ஐந்து ரூபாய் மொய்க்கு நாங்கள் இன்னும் திருப்பிச் செய்யவில்லை. வைகாசியில் அத்தை வீட்டுப் பேரனுக்குக் கல்யாணம். செய்துவிட்டு வந்து அந்த வரியை அடிக்க வேண்டும்.